தீர்வுத் திலகம்

எங்கள் குழுவுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கான ஆப்புக்குப் பெயர் வைத்து முடித்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை.

‘ஆப்’ என்ற சொல்லோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘ஆப்பு’ என்று ஒலிப்பது என் குற்றமில்லை. தமிழ் இலக்கணத்துக்குச் சில நேரம் ஜோசியமும் தெரிந்திருக்கிறது.

பெயர் வைத்தவனை நாங்கள் ‘தீர்வுத் திலகம்’ என்று அழைப்போம். அவன் இல்லாதபோதுதான். எதிரில் இருந்தால் ‘மச்சி’. ஆப்பின் பெயர் ‘சட்புட்’. எந்தத் தொழில் கிடைத்தாலும் பொருந்தும் என்பதுதான் அதன் விசேஷம் என்றான். டீக்கடை வந்தால் சட்புட் டீ, பஞ்சர் கடை வந்தால் சட்புட் பஞ்சர். லோகோவும் தயார்: ஓடுகிற மின்னல் ஒன்று, காலில் ஷூவோடு.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘தலை வலிக்குது’ என்று ஆரம்பித்தால், ‘தலை’யிலேயே நம்மை நிறுத்தி, ‘ஆவி புடி’ என்பார்கள். கல்யாணப் பந்தியில் ரசம் வரக் கொஞ்சம் தாமதமானால், சமையற்கட்டுப் பக்கம் தலையைக்கூட நீட்டாமல், ‘இதுக்குத்தான் பஃபே வெச்சிருக்கணும்’ என்பார்கள். வீட்டில் அழுகிற குழந்தைக்குப் பசியா, எறும்புக்கடியா என்று தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துத் தெருவில் மந்திரிக்கிறவர் பெயரையும் செல் நம்பரையும் கொடுத்துவிட்டிருப்பார்கள். நல்லவர்கள்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. காதுக்கும் வாய்க்கும் நடுவே கொஞ்ச நேரம் தங்கிப் போக இடம் இல்லாத உடம்பு, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இவர்கள் ஊருக்குள் சிதறிக் கிடந்தார்கள். இப்போது எம்.பி.ஏ. படிக்க வருகிறார்கள்.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரி. இரண்டாம் செமஸ்டரில் டிசைன் திங்கிங் என்று ஒரு பாடம். முதல் வகுப்பிலேயே பேராசிரியர் ஒரு மணி நேரத்தில் நாற்பது வருஷத்தை ஓட்டிக் காட்டினார். ஹெர்பர்ட் சைமன் 1969-ல் எழுதிய புத்தகம், கலிஃபோர்னியாவில் டேவிட் கெல்லியின் ஐடியோ நிறுவனம், ஸ்டான்ஃபோர்டின் டி.ஸ்கூல், 2008-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் டிம் பிரவுன் எழுதிய கட்டுரை. பிறகு பலகையில் ஐந்து வட்டம் போட்டார்: எம்பதி, டிஃபைன், ஐடியேட், ப்ரோட்டோடைப், டெஸ்ட். அதாவது முதலில் அடுத்தவன் இடத்தில் போய் நில், அவனுடைய சிரமம் இன்னதென்று சரியாகச் சொல்லப் பழகு, பிறகு யோசி, அட்டையிலோ காகிதத்திலோ செய்து பார், அதை அவன் கையில் கொடுத்து அவன் முகத்தைப் பார். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நல்ல தையற்காரர் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். முதலில் அளவு, கத்தரிக்கோல் அப்புறம்.

அன்று ஒரு பழைய படமும் போட்டார். 1999-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. ஐடியோக்காரர்கள் ஐந்தே நாளில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் புதிதாக வடிவமைக்கிறார்கள். படம் முடிந்ததும் திலகம் என் தொடையில் தட்டி, “அஞ்சே நாள்ல முடிச்சுட்டானுக பாத்தியா மச்சி” என்றான். அந்த ஐந்து நாளின் தொடக்கத்தில் அவர்கள் கடை கடையாகப் போய், வண்டி தள்ளுகிறவர்களையும் வண்டி பழுது பார்க்கிறவர்களையும் கேட்டுக்கொண்டு நின்றது அவன் கண்ணில் படவில்லை. நியாயமாகச் சொல்வதென்றால் என் கண்ணிலும் படவில்லை. அது முன்வரிசையிலிருந்த பொள்ளாச்சிக்காரியின் நோட்டில் மட்டும் இருந்தது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். திலகம், நான், பொள்ளாச்சிக்காரி, எக்ஸெல் தெரிந்த ஒருவன், குரூப் ஃபோட்டோவுக்கு மட்டும் வரும் ஒருவன். கடைசி ஆளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டுப் பார்த்து, கூட்டம் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் குறைகிறது என்று 1913-ல் வெளியிட்டார். அவர் திருவாரூர்த் தேருக்கு வந்திருந்தால் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். வடத்தில் கை இருக்கிறவன் எல்லாம் இழுக்கிறான் என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

அடுத்த வாரம் ஒரு விளையாட்டு நடந்தது. பீட்டர் ஸ்கில்மேன் என்பவர் உருவாக்கியது. 2010-ல் டாம் வுஜெக் ஒரு டெட் உரையில் சொல்லி உலகமெங்கும் பரவியது. 20 ஸ்பாகெட்டி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிடத்தில் கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோவை நிறுத்த வேண்டும். ஸ்பாகெட்டி சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்துவிட்டது. மார்ஷ்மெல்லோ கிடைக்கவில்லை. பேராசிரியர் குழுவுக்கொரு பொரி உருண்டை கொடுத்தார்.

திலகம் தலைமைப் பொறியாளர் ஆனான். முதல் நான்கு நிமிடம் கோபுரத்தின் படம் வரைந்தான். அடுத்த பத்து நிமிடம் அவன் சொல்லச் சொல்ல நாங்கள் ஒட்டினோம். “கொஞ்சம் கட்டினதும் உருண்டையை வெச்சுப் பாத்துக்கலாமா?” என்று பொள்ளாச்சிக்காரி கேட்டாள். “அது கடைசி ஸ்டெப்” என்றான். பதினேழாவது நிமிடம் பொரி உருண்டை உச்சிக்குப் போனது. கோபுரம் ஒரு நொடி நின்று, பெரியவர்கள் காலில் விழுகிற மாதிரி மெதுவாக மடங்கியது.

எல்லாக் குழுவின் கோபுரமும் விழுந்த பிறகு பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். இந்த விளையாட்டில் பாலர்பள்ளிக் குழந்தைகள் மேலே நிற்கிறார்களாம். பிசினஸ் ஸ்கூலில் பட்டம் வாங்கி வந்தவர்கள் ரொம்பக் கீழே. குழந்தைகள் மார்ஷ்மெல்லோவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கின்றன. வைத்து, விழுந்து, மறுபடி வைத்து. படித்தவர்கள் திட்டம் போட்டே நேரத்தைக் கழித்து, கடைசியில் வைக்கிறார்கள். வகுப்பே வெட்கப்பட்டது. திலகம் மட்டும், “டேப் குவாலிட்டி சரியில்ல மச்சி” என்றான்.

ப்ராஜெக்டுக்கு எங்களுக்கு வாய்த்த தொழில் ஜெராக்ஸ் கடை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, பத்தடிக்கு எட்டடி. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஸ்பைரல் போடுகிற கருவி ஒன்று, கல்லாவுக்கு மேலே மருதமலை முருகன். மாலை ஐந்து மணி ஆனால் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். ‘இந்தக் கூட்டம் ஏன்?’ இதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வாரம்.

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஆப்ல ஆர்டர் போடறான், டோக்கன் வருது, வந்து வாங்கிட்டுப் போறான்” என்றான் திலகம். எம்பதி என்ற முதல் வட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் அறிக்கையில் எம்பதிக்கு எட்டுப் பக்கம் வேண்டும். அதனால் கடைக்காரரைப் பேட்டி எடுக்கக் கிளம்பினோம். செல்ஃபோனில் ரெக்கார்ட் பட்டனைத் தட்டிவிட்டு திலகம் ஆரம்பித்தான்.

“ஏங்ணா, உங்க பெரிய பெயின் பாயின்ட் என்னங்ணா?”

“இடுப்புங்க தம்பி. காலையில இருந்து நின்னே வேலை பாக்கறனுங்களா, ராத்திரி படுத்தா திரும்ப முடியறதில்லீங்க.”

திலகம் மஞ்சள் ஒட்டுத்தாளில் ‘உணர்ச்சி: சோர்வு’ என்று எழுதிக்கொண்டான்.

“இல்லீங்ணா, கடைக் கூட்டத்தைப் பத்திக் கேட்டேன். ஒரு ஆப் இருந்தா நல்லாருக்கும்ல?”

“போட்டுக் குடுங்க தம்பி, பாக்கலாம்.”

திலகம் வெளியே வந்து, “வேலிடேட் ஆயிருச்சு மச்சி!” என்றான். தமிழ்நாட்டில் ‘பாக்கலாம்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று, பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனவர்களின் பதிலுக்காகக் காத்திருந்த எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள். எதிரே நிற்கிற படித்த பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. அறிக்கையில் அது ‘வாடிக்கையாளர் ஆர்வம்: மிக அதிகம்’ என்று போனது.

பிறகு ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. அதில் ஒரு கேள்வி: ‘ஜெராக்ஸ் எடுக்க ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ பதில்கள் இரண்டு: ஆம், நிச்சயமாக ஆம். அதைத் தன் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். அவர்களில் பாதிப் பேர் சேலத்தில் இருந்தார்கள். எங்கள் கடையை ஜன்மத்தில் பார்க்காதவர்கள். நூற்றுக்கு நூறு பேரும் ஆதரவு. பெர்சோனா என்று ஒன்று செய்ய வேண்டும்: வாடிக்கையாளரின் சாயலில் ஒரு கற்பனை ஆள். எங்கள் கற்பனை ஆளின் பெயர் தமிழ், ஊர் பீளமேடு, படம் மட்டும் யாரோ ஓர் ஐரோப்பியப் பெண்மணி, கையில் காஃபி கப்போடு. அந்தப் படத்தைத் தேடி ஒட்டியவன் நான்தான். வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஒரு தடவை அவனிடம் வாதாடியும் பார்த்தேன். “முதல்ல ஜனங்களைக் கேக்கணும்டா” என்றேன். உடனே ஹென்றி ஃபோர்டை இறக்கினான். ஜனங்களைக் கேட்டிருந்தால் இன்னும் வேகமான குதிரை வேண்டும் என்றிருப்பார்கள் என்று ஃபோர்டு சொன்னாராம். ஃபோர்டு அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்பதைப் பிற்பாடு படித்தேன். அன்றைக்குத் தெரியாது, வாயை மூடிக்கொண்டேன். யோசனைக் கூட்டத்திலும் இதே கதை. பிரெயின்ஸ்டார்மிங் என்பதைப் பரப்பிய விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-ல் எழுதிய புத்தகத்தில் சில விதிகள் வைத்திருந்தார். யோசனை வரும்போதே அதைக் குறை சொல்லாதே என்பது ஒரு விதி. திலகம் அதைக் கவசகுண்டலமாக மாட்டிக்கொண்டான். நாங்கள் வாயைத் திறந்தால், “நோ கிரிட்டிசிசம் மச்சி, ஆஸ்போர்ன் ரூல்!” 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்து, நான்கு பேர் கூடி உட்கார்ந்து யோசிப்பதைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தால் யோசனைகள் அதிகம் வருகின்றன என்று காட்டிவிட்டார்கள். அதுவும் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். எனக்கு எல்லாமே பிற்பாடுதான் தெரிகிறது. திலகத்துக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. ஒரே குழுவில் இரண்டு பேரும் இருந்தால் ப்ராஜெக்ட் எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு நாள் அவன் என்னை நிஜமாகவே மடக்கினான். கையிலிருந்த ஒட்டுத்தாள் கட்டைத் தூக்கிக் காட்டி, “இது எப்படி வந்துச்சு தெரியுமா?” என்றான். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் வலுவான பசை தேடப் போனார். கிடைத்ததோ, ஒட்டியும் ஒட்டாத பசை. எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் புரியவில்லை. அதே கம்பெனியில் ஆர்ட் ஃப்ரை என்பவர் தேவாலயப் பாடகர். பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் நழுவி விழுந்துகொண்டே இருக்க, அவருக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. 1980-ல் ஒட்டுத்தாள் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. “ஆக, தீர்வு முதல்ல வந்துச்சு, பிரச்சினை அப்புறம் வந்துச்சு. ஒத்துக்கறியா?”

ஒத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? அந்தச் சில்வர் தன் பசையை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கம்பெனிக்குள் எல்லாரிடமும் ‘இதை எதுக்கு வெச்சுக்கலாம்’ என்று கேட்டு அலைந்தார் என்பது, வழக்கம்போல, எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் ஹாஸ்டல் சுவர் பூராவும் மஞ்சள், ரோஸ், பச்சை. ஃபேன் போட்டால் உதிரும். காலையில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, “என்ன கண்ணு, இலையுதிர் காலமா?” என்றார். திலகத்தின் ஆப் இதற்குள் பதினோரு ஸ்கிரீனாக வளர்ந்திருந்தது. லாயல்டி பாயின்ட் உண்டு. டார்க் மோட் உண்டு. பிரின்ட் எடுக்க வழிதான் ஏழாவது ஸ்கிரீனில் இருந்தது. ஸ்லைடு ஒன்றில் நம் கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தத்தின் படத்தையும் போட்டிருந்தான். பெண்களுக்கு மலிவான நாப்கின் செய்ய முயன்று, அவர்கள் மனம் திறந்து சொல்லத் தயங்கியதால், ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தும் சைக்கிள் மிதித்தும் பார்த்தவர். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். படத்தின் கீழே ‘எம்பதியே எல்லாம்’ என்று எழுதியிருந்தான். ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிஷம் நிற்கச் சொன்னால், வியர்க்குது என்றான்.

பத்து நிமிஷம் நின்றது பொள்ளாச்சிக்காரி. அதுவும் ஆராய்ச்சிக்கு இல்லை. அவளுடைய வேறொரு பாட ரெக்கார்டை பிரின்ட் எடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் விடவில்லை. கடைக்காரர் ஸ்டூலைக் காட்டி, “உக்காரு கண்ணு” என்றார். இரண்டு சாயங்காலம் அங்கே உட்கார்ந்தாள். மறுநாள் வந்து மெல்லச் சொன்னாள்: “மெஷின் பாதி நேரம் சும்மாதான் நிக்குது.”

யாருக்கும் புரியவில்லை. நானும் போனேன். அவள் சொன்னது உண்மைதான். எல்லாரும் கடைக்காரரின் ஒரே வாட்ஸ்அப் நம்பருக்குத்தான் கோப்பை அனுப்புகிறார்கள். அவர் போனில் பெயர் இல்லாத எண்கள் வரிசையாக நிற்கின்றன. கோப்புகளின் பெயரோ டாக்குமென்ட் 1, ஸ்கேன் 0007, நியூ, ஃபைனல். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்து, தேடித் தேடி, கடைசியில் கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார்: “ஃபைனல்னு அனுப்புனது யாருங்க?”

ஆறு கை உயர்கிறது.

அந்த ஆறு கையை விசாரித்து முடிக்க நான்கு நிமிஷம். பிரின்ட் எடுக்க அரை நிமிஷம். இடையில் மெஷின் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. இடுப்பு வலியும் அதே கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. மனிதர் முதல் நாளே சொல்லியிருந்தார். நாங்கள்தான் அதை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு நகர்ந்திருந்தோம்.

அன்று நடந்த குழுக் கூட்டத்தில் திலகம் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “இதையும் ஆப்ல சேத்துக்கலாம்” என்றான். “ஆப் வேண்டாம்” என்றாள் பொள்ளாச்சிக்காரி. அவள் ஒரு வாரத்தில் பேசிய மூன்றாவது வாக்கியம் அது. எக்ஸெல்காரன் அவள் பக்கம் சாய்ந்தான். அதற்குக் காரணம் டிசைன் திங்கிங் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஓர் அட்டை எழுதி வைத்தோம்: ‘கோப்புக்கு உங்கள் பெயரும், எத்தனை காப்பி என்பதும் போட்டு அனுப்பவும்.’ ஒருவரும் படிக்கவில்லை. வரிசையில் நிற்கிறவன் கண் சுவரில் இல்லையே, செல்போனில் அல்லவா இருக்கிறது? மூன்றாம் நாள் கடைக்காரரே அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார். அவர் மரியாதையாகச் சொன்ன இரண்டாவது ‘பாக்கலாம்’ அது. பிறகு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்குக்கு மாற்றி, யார் புதிதாகச் செய்தி அனுப்பினாலும் தானாகப் பதில் போகும்படி செய்தோம்: ‘வணக்கம்ங்க. உங்க பேரு? எத்தனை காப்பி? கலரா, கருப்பு வெள்ளையா?’ செலவு பூஜ்யம். இரண்டு நாளில் கூட்டம் கரைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கரையவில்லை. கொஞ்சம் இளைத்தது. சாயங்காலம் அவர் நடுவில் ஒரு டீ குடிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்தோம். அதைச் சொன்னால் போதும்.

திலகத்தைப் பற்றி இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்குள் முதலில் நுழைந்து, முன்பின் தெரியாத மனிதரிடம் ‘ஏங்ணா’ என்று உறவு கொண்டாடியவன் அவன்தான். அவன் போய்ப் பேசி வைத்திராவிட்டால் பொள்ளாச்சிக்காரிக்கு ஸ்டூல் கிடைத்திருக்காது. என்னை மாதிரி ஆட்களை விட்டால், பிரச்சினையின் இலக்கணத்தைப் பற்றி நாலு வாரம் விவாதித்துவிட்டு, கால அவகாசம் கேட்டு மனு எழுதியிருப்போம். நள்ளிரவு எல்லாருக்கும் டீ வாங்கி வந்தவனும் அவனே. டீக்கும் ஓர் ஆப் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கி வந்தான்.

இறுதி நாள் பிரசன்டேஷன். எங்கள் தானியங்கிப் பதிலை அவன் ‘ஏஐ சாட்பாட்’ என்று அறிமுகப்படுத்தினான். தேர்வாளர்களில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிக்கையின் கடைசி அத்தியாயம் ‘நாங்கள் கற்ற பாடங்கள்’. ஆளுக்கு ஒரு பக்கம், சொந்தமாக எழுத வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. ஐந்து பேருடையதையும் ஒரே ராத்திரியில் அவனே எழுதிவிட்டான். பொள்ளாச்சிக்காரி கற்ற பாடமாக அவன் எழுதியது: ‘அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பதை இந்த ப்ராஜெக்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது.’ அவள் படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

எக்ஸெல்காரன் செலவுக் கணக்குப் போட்டான். ஒட்டுத்தாள், சார்ட் பேப்பர், கலர் பிரின்ட் போஸ்டர் நாலு, பெர்சோனாவுக்குப் பளபளப்புக் காகிதம், அறிக்கை மூன்று பிரதி ஸ்பைரல். ஒட்டுத்தாள் தவிர அத்தனையும் அதே கடையில்தான். எங்கள் ஆராய்ச்சியால் அந்தத் தொழிலுக்குக் கிடைத்த உறுதியான வருமானம் அது.

அறிக்கை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை ஐந்தரை மணிக்கு நானும் திலகமும் கடை வாசலில் நின்றோம். எல்லாக் குழுவுக்கும் மறுநாள்தான் கெடு. முப்பது பேருக்குக் குறையாது. திலகம் கோப்பை அனுப்பினான். அவன் போனில் உடனே பதில் வந்து விழுந்தது: வணக்கம்ங்க, உங்க பேரு? அதைப் படிக்காமலே கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டு, சட்புட்டில் புதிதாகச் சேர்க்கப்போகும் ஒரு வசதியைப் பற்றி எனக்கு விளக்க ஆரம்பித்தான்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போனைத் தள்ளிப் பிடித்தார்.

“ஃபைனல் ஃபைனல் ரெண்டுன்னு அனுப்புனது யாருங்க?”

மூன்று கை உயர்ந்தது. அதில் உயரமானது எங்களுடையது.